சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது: டியூப் லைட் சோக் மாற்றச் சொல்லும் அலுவலகங்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடலூர், புதுச்சேரி பக்கத்து அலுவலகங்களில் டியூப் லைட் தொல்லை கூடிவிடும். உப்புக்காற்றோடு ஈரமும் சேர்ந்து பட்டி (டியூபைத் தாங்கும் இரும்புக் கூடு) துருவேறும், ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளைத் தகடு பச்சை பிடிக்கும், டியூபைப் பற்றவைக்கும் ஸ்டார்ட்டர் அடம்பிடிக்கும். மஞ்சக்குப்பத்து அரசு அலுவலகமோ, பாரதி சாலை வங்கிக் கிளையோ, புதுச்சேரி மிஷன் வீதியின் மாடி அலுவலகமோ, அடுத்து நடப்பது ஒன்றுதான். "தம்பி, அந்த லைட் மினுக்கு மினுக்குன்னு கண்ணைப் பறிக்குது, ஒரு சோக் வாங்கியாந்து போட்டுடேன்" என்று அலுவலக உதவியாளரிடமோ வாட்ச்மேனிடமோ சொல்லிவிடுவார்கள். (டியூபுக்குள் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் சோக்.) அவரும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சக்கரம் வைத்த நாற்காலி மேல் ஏறுவார்.

ஸ்விட்ச் அணைந்துவிட்டது, ஆகவே பட்டியில் கரண்ட் இல்லை என்ற அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கீழே சொல்லும் சோக், ஒயர் வேலைகள் தகுதிச் சான்று உள்ள வயர்மேனுக்கானவை.

சுவர் ஸ்விட்ச் ஒரே ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது. அது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் ஒயராக இருந்தால் மட்டுமே பட்டிக்குள் மின்சாரம் நிற்கும். பல பேர் கை பட்டு, பல தடவை பிரித்துக் கட்டிய பழைய வயரிங்கில் ஸ்விட்ச், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் உட்கார்ந்திருப்பது அபூர்வமல்ல. அப்படி இருந்தாலும் ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு அணையத்தான் செய்யும். ஆனால் சோக், ஹோல்டர், ஸ்டார்ட்டர் கூடு எல்லாவற்றிலும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஒரு கை எர்த் ஆன இரும்புப் பட்டியைப் பிடித்திருக்க, மறு கை அந்த ஒயரைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் பாயும். ஸ்விட்சில் இண்டிகேட்டர் விளக்கு எதுவும் இல்லாதபோதும், அணைத்த பிறகு எல்இடி மங்கலாக ஒளிர்ந்தாலோ, எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப் விட்டுவிட்டு மின்னினாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் சுவர் அல்ல, கட்டடத்தின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டி. அந்த விளக்கு வரிசைக்கான எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக விழும் ஸ்விட்சை) இறக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் பெட்டியைத் திறந்தால் எம்சிபிகள் வரிசையாக நிற்கும்; எது எந்த அறைக்கு என்று ஒரு எழுத்து இருக்காது. அப்போது ஊகம் செய்யக் கூடாது. அதே ஸ்விட்சில் எரியும் பக்கத்து டியூபைப் போட்டுவிட்டு, ஒருவர் அறையில் நின்று பார்க்க, மற்றவர் எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கலாம். (கம்ப்யூட்டர்கள் ஓடும் நேரத்தில் இதைச் செய்தால் வேலை கெடும்; மாலை அலுவலகம் முடிந்த பின் செய்வது நல்லது.) சரியான எம்சிபி தெரிந்ததும் அதன் மேல் மாட்டும் பூட்டு கிளிப்பைப் போட்டு, சிறு பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சாவியை மேலே ஏறுபவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளிப் மின்பொருள் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அது இல்லாவிட்டால் டிபி பெட்டியையே பூட்டி, "ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். மறுபடி போடுவதும் அதே ஆளாக இருக்க வேண்டும். அறை இருட்டாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு எம்சிபியைத் தூக்கிவிடும் சக ஊழியரால் நேரும் விபத்துக்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எம்சிபி எதற்கு, மெயினையே இறக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். தானியங்கி ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில் அதுதான் பெரிய ஆபத்து. ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுப் பேனல் சப்ளையைக் கவனிக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் மெயினை இறக்கினால், கரண்ட் போய்விட்டதாக நினைத்துச் சில நொடிகளில் ஜெனரேட்டரை ஓட்டிவிடும். ஏணியில் இருப்பவர் கையில் இருக்கும் ஒயருக்கு உயிர் வந்துவிடும். ஜெனரேட்டர் இருந்தால் அதன் தேர்வுத் திருகியை 'ஆஃப்' நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் மெயின் பக்கம் போக வேண்டும். இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் இதே கதைதான். ஹாலில் நான்கு விளக்கு, வராந்தாவில் ஒன்று என்று இன்வெர்ட்டரில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். மெயின் இறங்கினாலும் பேட்டரி அந்த ஒயர்களில் 230 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரின் அவுட்புட்டையும் அணைத்தாக வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கமும் உண்டு. நாளிதழில் வரும் 'நாளைய மின்தடை' அறிவிப்பைப் பார்த்து, காலை 9 மணி முதல் மாலை வரை கரண்ட் இருக்காது, அன்றைக்கே சோக்கை மாற்றிவிடலாம் என்று நாள் குறிப்பது. பராமரிப்பு வேலை சீக்கிரம் முடிந்தால் சப்ளை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடும். உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. மின்தடை நாளில் வேலை செய்தாலும் எம்சிபி இறங்கிப் பூட்டியிருக்க வேண்டும்.

அடுத்து நியூட்ரல். "நியூட்ரல்தானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு இத்தொழிலில் நீண்ட நாளாக இருக்கிறது. நியூட்ரல் முழுதாக இருக்கும் வரை அது ஓரளவு உண்மை. நம் அலுவலகங்களில் இரண்டு மூன்று லைட்டிங் சர்க்யூட்டுகள் ஒரே நியூட்ரலைப் பங்கு போட்டுக்கொள்வது சகஜம். உங்கள் எம்சிபி ஃபேஸை மட்டும் வெட்டியிருக்கும். பக்கத்து அறை விளக்குகள் வேறு எம்சிபியில் எரிந்துகொண்டிருக்க, அவற்றின் நியூட்ரல் நீங்கள் பிரிக்கும் பட்டியின் கனெக்டர் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றிய நொடியில், விளக்குகள் பக்கம் இருக்கும் முனை அவற்றின் வழியாக ஃபேஸ் ஆகிவிடும். அதைத் தொட்டால் ஷாக். மூன்று ஃபேஸ் கட்டடத்தில் பொது நியூட்ரல் விட்டுப்போனால் சில சர்க்யூட்டுகளில் வோல்டேஜ் 400 வரை ஏறி, எலக்ட்ரானிக் சோக், எல்இடி டிரைவர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை எல்லாம் ஒரே அடியில் புகைந்துவிடும். எனவே பட்டிக்குள் இரண்டு கறுப்பு ஒயர்கள் ஒரே கனெக்டரில் சேர்ந்திருந்தால், அது அடுத்த பட்டிக்குப் போகும் லூப் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த எம்சிபியை இறக்கிய பிறகும் பக்கத்தில் வேறு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால், அவற்றின் எம்சிபிகளையும் இறக்கிய பிறகே அந்த லூப்பில் கைவையுங்கள். திரும்பக் கட்டும்போது முதலில் இறுக்க வேண்டியதும் அதுதான்.

டிபியில் ஆர்சிசிபி இருக்கிறது, அதனால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். உடம்பு வழியாகத் தரைக்கோ எர்த்துக்கோ மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வெட்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல், கால் காய்ந்த மர ஏணியில் என்றால் அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்புதான், அது விழாது.

எல்லாம் இறக்கியாயிற்று. இனி சோதனை. சட்டைப் பையில் செருகும் நியான் டெஸ்டரை மட்டும் நம்பி ஒயரைப் பிடிக்கக் கூடாது. அது எரிய வேண்டுமானால் உங்கள் உடம்பு வழியாகச் சிறிதளவு மின்சாரம் தரைக்குப் போக வேண்டும். காய்ந்த மர ஏணியில், ரப்பர் செருப்போடு நிற்கும்போது அது மங்கிவிடும், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. செத்த ஒயரில் பக்கத்து ஒயரின் தூண்டலால் பொய்யாக எரிவதும் உண்டு. மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள், 230 காட்ட வேண்டும். பிறகு பட்டியில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், அதோடு பட்டியின் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே என்று நான்கு இடம். எல்லாம் பூஜ்யம் என்றால் மறுபடி அந்த பிளக் பாயிண்டில் வைத்து மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒயர் விட்டுப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

காப்பர் சோக் போட்ட பழைய பட்டிகளில் ஒரு உருண்டை டப்பி இருக்கும். கடையில் கண்டென்சர் என்பார்கள். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரம் எவ்வளவு பயனாகிறது என்ற அளவை, சரிசெய்வதற்காக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 3 முதல் 4.5 மைக்ரோஃபாரட் அளவில் வைத்திருப்பார்கள். சப்ளையை நிறுத்திய பிறகும் அதில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம். நல்ல கண்டென்சரில் அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ரெசிஸ்டர் விட்டுப்போயிருந்தால் இறங்காது. ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனையையும் இணைத்துப் பொறி பறக்கவிடுவது கெட்ட பழக்கம். திடுக்கிட்டு ஏணியிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. ஹோல்டரில் மாட்டிய 15 வாட் பல்பின் இரண்டு ஒயரை முனைகளில் சில நொடி வைத்தாலே வடிந்துவிடும். வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ அந்தக் கண்டென்சரை வெறும் கையால் தொடாமல், கையுறையோடு கழற்றித் தனிப் பையில் கட்டி வையுங்கள். மிகப் பழைய கண்டென்சர்களில் இருக்கும் எண்ணெய் நஞ்சாக இருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவும் செய்து மேலே ஏறுவதற்கு முன், கெட்டது சோக்தானா என்று பார்த்தார்களா? மினுக்கும் விளக்குகளில் சோக் கெட்டவை குறைவு. டியூப் முனைகள் கறுத்திருந்தால் முதல் சந்தேகம் டியூப் மேல். இரண்டு முனையும் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டு நடுவில் பற்றாவிட்டால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டது. ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்ததும் டியூப் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி அதுவே. சப்ளை 190 வோல்ட்டுக்குக் கீழே போகும் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கும் கடைசிப் பகுதிகளில் எல்லாமே நன்றாக இருந்தும் மினுக்கும். எதுவுமே அசையவில்லை என்றால் டியூபைக் கழற்றி இரண்டு முனையிலும் மீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள்: ஒவ்வொரு முனையின் இரு பின்களுக்கு நடுவே சில ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃபிலமென்ட் அறுந்தது. அதுவும் சரியாக இருந்தால்தான் சோக். 36/40 வாட் காப்பர் சோக் குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 25 முதல் 50 ஓம் காட்டும். எல்லையற்ற ஓம் என்றால் உள்ளே அறுந்துவிட்டது. மிகக் குறைவாகக் காட்டினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த சோக்தான் புது டியூப் போடப் போட அதிக வெளிச்சத்தோடு எரியவிட்டு, சில நாளில் முனைகளைத் தீய்த்துவிடும். "போன வாரம்தானே மாத்தினோம்" என்று டியூப் கம்பெனியைத் திட்டும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். சோக்கின் முனைக்கும் அதன் இரும்பு உடம்புக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் பட்டியே ஷாக் அடிக்கும், உடனே கழற்ற வேண்டியது. தார் உருகி வழிந்த கறை, கருகல் வாடை, பட்டிக்கு மேல் சீலிங்கில் பழுப்பு வட்டம் இவையும் சோக்கைக் காட்டிக்கொடுக்கும். வெறும் ரீங்காரம் மட்டும் என்றால் பிடிமான ஸ்குரூவை இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய சோக்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நாலடி டியூபுக்கு 36/40 வாட், 0.43 ஆம்பியர். ஈரடிக்கு 18/20 வாட். 28 வாட் டி5 டியூப், 16 மில்லிமீட்டர் பருமனில் மெலிதாக இருக்குமே, அதற்கு 0.17 ஆம்பியர்தான், அதற்கென்றே செய்த எலக்ட்ரானிக் சோக் மட்டும்தான் போட வேண்டும். லேபிளில் 'டிடபிள்யூ 130' என்று ஒரு குறிப்பு இருக்கும். சுருள் 130 டிகிரி செல்சியஸ் வரை தாங்கிப் பத்தாண்டு உழைக்கும் என்று பொருள். அந்த வரம்புக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஓட்டுக்கூரை, தகரக் கூரை அலுவலகங்களில் சித்திரை வெயிலில் சோக்குகள் வரிசையாகப் போவதற்கு இதுவே காரணம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத, எடை குறைந்த அலுமினியச் சுருள் சோக்கை 'சீப்பாக' வாங்குவது வேண்டாத வேலை.

ஃபால்ஸ் சீலிங்கில் உட்காரும் இரண்டு அடிக்கு இரண்டு அடி பட்டிகளில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். உள்ளே நான்கு ஈரடி டியூப் இருக்கும், ஆனால் சோக் இரண்டுதான். ஒவ்வொரு 36 வாட் சோக்கிலும் இரண்டு 18 வாட் டியூப் தொடராகக் கட்டியிருக்கும். ஒவ்வொரு டியூபுக்கும் தனி ஸ்டார்ட்டர். அந்த ஸ்டார்ட்டர் 4–22 வாட் வகை. நாலடி டியூபுக்குப் போடும் 4–65 அல்லது 4–80 வாட் ஸ்டார்ட்டரை அங்கே மாட்டினால் டியூப் பற்றாது, ஏனென்றால் தொடரில் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்டேஜ்தான் கிடைக்கிறது. சோக் போய்விட்டது என்று இறக்கிய பல பட்டிகளில் உண்மையில் ஸ்டார்ட்டர்தான் தப்பு. ஒரு டியூப் போனால் ஜோடியும் அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது மேலே. மர ஏணி அல்லது ஃபைபர் ஏணி, அலுமினியம் வேண்டாம். கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும், எம்சிபி எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் டியூபைக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றிக் கீழே கொடுங்கள். பழைய ஹோல்டர் பிளாஸ்டிக் வெயிலில் வைத்த பிஸ்கட் மாதிரி நொறுங்கும். டியூபின் இரு முனையையும் தாங்கித் திருப்பாவிட்டால் கண்ணாடி தலையில்தான் விழும். மூடியைக் கழற்றியதும் ஒயர் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். காப்பர் சோக் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். கடைசி ஸ்குரூவைக் கழற்றும் முன் அதை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

சோக்குக்குப் பக்கத்தில் வரும் ஒயரைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள். பல ஆண்டுச் சூட்டில் கடைசி நான்கு விரல் நீளம் பழுத்து, மடக்கியதும் இன்சுலேஷன் வெடித்துச் செம்பு தெரியும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்து, மென்மையாக வளையும் இடம்வரை பின்னுக்குப் போய்ப் புதிதாகச் சீவுங்கள், 6 முதல் 8 மில்லிமீட்டர் போதும். ஒயர் எட்டாவிட்டால் அதே கனத்தில் புது ஒயரைக் கனெக்டர் வைத்து நீட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது பட்டிக்குள் கூடாது. டேப்பின் பசை சூட்டில் உருகி, டேப் தானாக அவிழ்ந்து தொங்கும்.

வரிசை இது: ஃபேஸ் முதலில் சோக்கின் ஒரு முனைக்கு, சோக்கின் மறு முனையிலிருந்து டியூபின் ஒரு பக்கத்து ஒரு பின்னுக்கு, அதே பக்கத்து மறு பின்னிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக எதிர்ப்பக்கத்து ஒரு பின்னுக்கு, அங்குள்ள மீதிப் பின் நியூட்ரலுக்கு. கண்டென்சர் சோக்குக்கு முன்னால், சப்ளை வரும் இடத்தில் குறுக்கே. சோக்கை நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு எரியும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. அப்போது ஃபேஸ் நேராக ஹோல்டருக்குப் போய்விடும். ஹோல்டர் உடைந்து பட்டியில் பட்டால் நடுவில் தடுக்க சோக் இல்லாமல் முழு மின்சாரமும் எர்த்துக்குப் பாயும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், கடற்கரை ஊர் என்பதால். பட்டியின் எர்த் ஸ்குரூவைச் சுற்றிப் பாருங்கள்: பெயின்ட் உப்பிக் குமிழாக நிற்கும், குத்தினால் உள்ளே செந்துரு தூளாகக் கொட்டும். செம்பு ஒயர் சுற்றிய இடம் பச்சையாக இருக்கும். கண்ணுக்குப் பச்சை ஒயர் இணைந்திருக்கிறது. மின்சாரத்துக்கு அது அறுந்த ஒயர்தான். தேவனாம்பட்டினம் பக்கமும் புதுச்சேரி கடற்கரைச் சாலை பக்கமும் இந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஒயர் முனையில் லக் (ஸ்குரூவில் மாட்டும் உலோக முனை) அழுத்தி, பல் வைத்த வாஷரோடு பித்தளை ஸ்குரூவால் முடுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். பிறகு பட்டியின் உடம்புக்கும் டிபியின் எர்த் பட்டைக்கும் நடுவே நீள ஒயர் போட்டு மீட்டரில் பாருங்கள். ஒயரின் சொந்த ஓமைக் கழித்தால் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். சோக் உட்காரும் இடத்திலும் இரும்போடு இரும்பு படிய வேண்டும். எர்த்துக்காக மட்டுமில்லை, சோக்கின் சூடு பட்டிக்கு இறங்குவதும் அதன் வழியாகத்தான்.

எலக்ட்ரானிக் சோக் என்றால் வேலை வேறு. ஸ்டார்ட்டரும் பழைய கண்டென்சரும் கட்டாயம் நீங்க வேண்டும். டியூபுக்குப் போகும் நான்கு ஒயரில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவெண்ணில் மின்சாரம் ஓடும். அவற்றைச் சப்ளை ஒயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது, குட்டையாக வைக்க வேண்டும். லேபிளில் உள்ள படத்தை அப்படியே பின்பற்றுங்கள், ஒரு கம்பெனி படம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தேய்ந்துபோன டியூப்தான் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சோக்கைக் கொல்கிறது, அதனால் முனை கறுத்த டியூபைப் புது சோக்கில் மாட்டாதீர்கள். ஒரே ஆர்சிசிபியில் ஏராளமான எலக்ட்ரானிக் சோக் இருந்தால் ஒவ்வொன்றின் சிறு கசிவும் கூடி, யாரையும் ஷாக் அடிக்காமலே அது விழும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் போட்டால் தொடக்க மின்சாரத்தில் எம்சிபியும் விழலாம். அதற்காக ஆர்சிசிபியை பைபாஸ் செய்யும் ஆட்களை உள்ளே விடாதீர்கள். சர்க்யூட்டைப் பிரிப்பதுதான் வழி.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலிலும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் மழையிலும் இரு ஊர்க் கட்டடங்களும் நனைந்தன. அப்படித் தண்ணீர் இறங்கிய பட்டியில் சோக்கை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவது வேண்டாம். சுருளின் அடுக்குகளுக்குள் புகுந்த ஈரம் முழுதாகப் போகாது. கரண்ட் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரில்) வயரிங்கைச் சோதித்து 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது எலக்ட்ரானிக் சோக்குகளும் எல்இடிகளும் இணைப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெக்கரே அவற்றைக் கெடுத்துவிடும்.

மூடியைப் போட்டு, டியூபை மாட்டி, ஏணியிலிருந்து இறங்கிய பிறகே எம்சிபியைத் தூக்குங்கள். கால் மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். காப்பர் சோக் கை வைக்க முடியாத அளவு சுடுவது இயல்பு. வாடையும் புகையும் இயல்பல்ல.

சோக் மாற்றுவதா, எல்இடிக்கே போய்விடுவதா என்ற கேள்விக்கு என் கருத்து: ஓரிரு பட்டி போயிருந்தால் சோக் மாற்றுங்கள். ஒரு வரிசையில் மூன்று நான்கு போய், பட்டியும் துருப்பிடித்திருந்தால் முழு எல்இடி பட்டியாக மாற்றிவிடுங்கள். 36 வாட் டியூபும் காப்பர் சோக்கும் சேர்ந்து 48 வாட் அளவுக்கு இழுக்கும், எல்இடி 18 வாட். பட்டிக்கு 30 வாட் மிச்சம். நூறு பட்டி, நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 600 யூனிட். மேலும் மினமாட்டா பாதரச உடன்படிக்கையின்படி, டியூப் லைட் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027க்குள் முடிவுக்கு வர வேண்டும் என்று 2023இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. உதிரிகள் கிடைப்பது போகப்போகக் குறையும்.

பழைய பட்டியிலேயே எல்இடி டியூபைச் செருகும் குறுக்குவழியில்தான் எனக்குப் பயம். அதில் சில வகை காப்பர் சோக்கோடு ஓடும். சில வகைக்கு 230 வோல்ட்டை நேராக ஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்த பட்டியில் பின்னால் வரும் ஒருவர் விவரம் தெரியாமல் பழைய டியூப் லைட்டை மாட்டினால், மின்சாரத்தைக் கட்டுப்படுத்த சோக் இல்லை. ஃபிலமென்ட் பொறி பறந்து கருகும், கண்ணாடி வெடிக்கவும் கூடும். இரு முனையிலும் சப்ளை வாங்கும் மலிவு எல்இடி டியூப்களில் ஒரு முனையை மாட்டியதும் வெளியே நிற்கும் மறு முனைப் பின்னில் கரண்ட் வர வாய்ப்புண்டு. மாற்றினால் சோக், ஸ்டார்ட்டர், கண்டென்சர் மூன்றையும் கழற்றிவிட்டு, பட்டியின் உள்ளே "சோக் கிடையாது, எல்இடி மட்டும்" என்று அழியாத மையில் எழுதுங்கள்.

கழற்றிய டியூபைக் குப்பைத்தொட்டி ஓரம் சாய்த்து வைப்பதும், உடைத்து மூட்டையில் கட்டுவதும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. முழுதாக, புது டியூப் வந்த அட்டைப் பெட்டியிலேயே சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். அறையில் உடைந்துவிட்டால் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் எல்லாரும் வெளியே போய்விடுங்கள். பிறகு துடைப்பம் போடாமல், வாக்குவம் கிளீனரும் போடாமல், கெட்டி அட்டையால் தள்ளிச் சேர்த்து, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

திறன் மாறாமல் விளக்கு, ஸ்விட்ச், ஃபியூஸ் போன்றவற்றை மாற்றுவதற்கு மின் பாதுகாப்பு விதிகளில் விலக்கு உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். அந்த விலக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைத்தான் விலக்குகிறது. 230 வோல்ட்டை விலக்கவில்லை. வயரிங்கைத் தொடும் எந்த வேலைக்கும், எல்இடிக்காக ஒயர் மாற்றுவது உட்பட, வயர்மேன் தகுதிச் சான்று உள்ளவரை அழையுங்கள். அலுவலக உதவியாளர் டியூபும் ஸ்டார்ட்டரும் மாற்றலாம்; மூடியைக் கழற்றுவது அவர் வேலையல்ல. மறுத்தால் மேலதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கும் உதவியாளர்கள் இந்தக் கடிதத்தைக் காட்டட்டும்.

கடலூர், புதுச்சேரி நிர்வாகங்களுக்கும் தனியார் கட்டட உரிமையாளர்களுக்கும் என் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு டிபி பெட்டியின் கதவிலும் எந்த எம்சிபி எந்த அறைக்கு, எது இன்வெர்ட்டர், எது ஜெனரேட்டர் என்ற பட்டியலை ஒட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எம்சிபி பூட்டு கிளிப்பும், ஒரு மல்டிமீட்டரும், ஒரு ஃபைபர் ஏணியும் வாங்கி வைக்க வேண்டும். மழைக்கு முன்பாக, புரட்டாசியிலேயே, எல்லாப் பட்டிகளின் எர்த்தையும் ஒரு முறை சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கட்டட மின் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.